இஸ்ஸை ஒழிக்க வந்த இஸ்-வாஸ் சார்

ஆங்கிலத்தில் தப்புவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலமே தப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதைப் பிடித்து நிறுத்தித் திருத்த வேண்டும் என்று கிளம்பியவர் ஒரே ஒருவர்தான். இங்கிலாந்து ராணியே ராமநாதபுரத்துக்கு ஒரு கடுதாசி எழுதியிருந்தாலும், அதைச் சிவப்புப் பென்சிலால் கோடு கோடாகக் கிழித்து, "யாரு, என்ன செஞ்சா? மொதல்ல அதைச் சொல்லும்மா" என்று திருப்பி அனுப்பியிருப்பார் எங்கள் இஸ்-வாஸ் சார்.

எண்பதுகளின் நடுவில் ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற சாலையில் ஓர் எறால் கம்பெனி இருந்தது. பாம்பனில் கரையேறும் எறாலைத் தலை கிள்ளி, கழுவி, உறைய வைத்து ஜப்பானுக்கு அனுப்புவது தொழில். நான் அங்கே ஸ்டோர் கணக்கு. இஸ்-வாஸ் சாருக்கு வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்து. ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, காதில் செருகிய சிவப்புப் பென்சில். அவருக்குச் சொந்தப் பேர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். முதலாளியின் சம்சாரமே "இஸ்-வாஸ் சார் இருக்காகளா?" என்றுதான் போனில் கேட்பார்.

அவருடைய கொள்கை ரொம்ப எளிமையானது. ஒரு வாக்கியம் என்றால் அதில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் சும்மா இருக்கக் கூடாது.

"ஓடணும், உடைக்கணும், தூக்கணும், கத்தணும்யா! இந்த 'இஸ்' இருக்கே, இது என்ன செய்யுது? குத்தவச்சு உக்காந்திருக்கு. 'வாஸ்' நேத்துக் குத்தவச்சு உக்காந்திருந்துச்சு. நம்ம கம்பெனில சும்மா உக்காந்திருக்கிறவனுக்கு வேலை உண்டா? அப்புறம் இதுகளுக்கு மட்டும் எதுக்குய்யா எடம்?"

இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். சிரித்தவர்கள் எல்லாரும் அவர் கையில் ஒரு தடவையாவது மாட்டினோம்.

நான்தான் முதலில் மாட்டினேன். ஒருநாள் காய்ச்சல். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன அத்தனை பேரும் எழுதுகிற மாதிரி, 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அது மேனேஜர் மேசைக்குப் போகிற வழியில் இஸ்-வாஸ் சாருடைய மேசை இருந்தது. அவர் பார்த்தார். பென்சிலை எடுத்தார். காய்ச்சல் என்னை எரிக்கிறது, நான் வீட்டில் விழுந்து கிடக்கிறேன் என்ற அர்த்தத்தில் 'ஃபீவர் பர்ன்ஸ் மீ' என்று புதிதாக டைப் அடித்து, என் பேரையும் போட்டு உள்ளே அனுப்பிவிட்டார்.

மேனேஜர் திருவாடானைக்காரர், இளகின மனசு. 'பர்ன்ஸ்' என்ற வார்த்தை கண்ணில் பட்டதுமே மிச்சத்தைப் படிக்காமல் ஜீப்பை எடுக்கச் சொல்லிவிட்டார். அரைமணி நேரத்தில் என் வீட்டு வாசலில் ஜீப். கையில் தீக்காயத்துக்குப் போடுகிற களிம்பு, வாழையிலை, ஒரு கம்பவுண்டர். நான் கயிற்றுக் கட்டிலில் போர்த்திக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பா வெந்துச்சு?" என்றார் மேனேஜர், போர்வையைத் தூக்கிப் பார்த்தபடி.

"கஞ்சிதான் சார் வெந்துச்சு" என்றேன்.

இதற்குப் பிறகாவது மனிதர் அடங்கியிருக்க வேண்டாமா? அடுத்த மழையில் ஜப்பான்காரனிடமே கையை வைத்தார். அப்போது எங்களிடம் டெலெக்ஸ் இருந்தது. இங்கே தட்டினால் அங்கே தடதடவென்று அச்சாகும். மழையில் ரோடு அறுத்துக்கொண்டு லாரி நடுவழியில் நின்றுவிட்டது. 'வருந்தத்தக்க சூழ்நிலையின் காரணமாகத் தாமதம் ஏற்பட்டிருப்பதைத் தங்கள் மேலான கவனத்துக்கு' என்கிற தோரணையில் மேனேஜர் ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷ் எழுதிக் கொடுத்திருந்தார். இஸ்-வாஸ் சார் அதை நாலு துண்டாக்கி அனுப்பினார். மழை ரோட்டை வெட்டியது. லாரி நிற்கிறது. எறால் ஐஸில் தூங்குகிறது. ரோடு திறந்ததும் ஓடுகிறோம்.

ஜப்பானிலிருந்து உடனே பதில் கேள்வி வந்தது: எறால் உயிரோடு இருக்கிறதா?

மேனேஜர் தலையில் கை வைத்தார். "செத்த எறாலைத் தூங்குதுன்னு எழுதிட்டீகளே! இப்ப அவன் முழிச்சிருக்கிற எறாலைக் கேட்டா நான் எங்கன போவேன்?"

"அவன் கேள்வி கேட்டான்ல? அப்ப படிச்சிருக்கான்ல? நீங்க எழுதுறதுக்கு இதுவரைக்கும் எவனாவது கேள்வி கேட்டிருக்கானா?"

மேனேஜர் யோசித்துப் பார்த்தார். கேட்டதில்லை. அந்த ஜப்பான்காரர் பிற்பாடு எந்தச் சரக்கு போனாலும் எறால் நன்றாகத் தூங்கியதா என்று கேட்காமல் டெலெக்ஸை முடித்ததே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பாக்கிங் கட்டடத்துச் சுவரில் எச்சில் துப்புவது தடை செய்யப்பட்டுள்ளது என்று ஒரு போர்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும். "செய்யப்பட்டுள்ளதா? எவன் செஞ்சான்?" என்று அதை இறக்கிவிட்டு, 'இங்கே துப்பினால் வாட்ச்மேன் திட்டுவார்' என்று எழுதி மாட்டினார். வாட்ச்மேன் முனியசாமி அதுவரை ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத ஆள். அன்றிலிருந்து காலையில் வந்ததும் தொண்டையைச் செருமித் தயாராக நிற்பார்.

"போர்டுல எழுதிப்புட்டாக தம்பி. திட்டலேன்னா என் சீட்டைக் கிழிச்சிருவாக" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். ஆரம்பத்தில் திட்டத் தெரியாமல் "அட போங்கப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மாசம் போகப் போக அவர் வாயில் விழுந்தவர்கள் எழுந்திருக்க முடியவில்லை.

இப்படிச் சிரிப்பும் கோபமுமாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் காதருடைய விஷயம் வந்தது.

காதர் எங்கள் ஐஸ் பிளாண்ட் சூப்பர்வைசர். தேவிபட்டினத்துக்காரன். எப்போதும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிகிறவன் கொஞ்ச நாளாகப் பேச்சே இல்லாமல் இருந்தான். அவனுடைய தம்பி ஜமால் எலெக்ட்ரீஷியன் வேலைக்கு வளைகுடாவுக்குப் போயிருந்தான். அவன் போய்ச் சேர்ந்த ஆறே மாதத்தில் அந்தக் கம்பெனி மூடிக்கொண்டது. முதலாளி எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வைத்துப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டான். ஊர் திரும்பிய ஒருவர்தான் இதை வந்து வாய்வார்த்தையாகச் சொன்னார். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஜமாலும் இன்னும் சிலரும் கரண்ட் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், யாராவது ரொட்டி கொடுத்தால் தின்றுகொண்டு கிடக்கிறார்களாம்.

காதர் பஜாரில் மனு எழுதுகிற ஒருவரிடம் போய் அங்குள்ள எம்பசிக்கு இங்கிலீஷில் மனு போட்டிருந்தான். நீளமான மனு. அதற்கு மரியாதையாகப் பதிலும் வந்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் எங்களிடம் கொண்டுவந்தான். உங்கள் தம்பிக்கு என்ன நேர்ந்தது, எந்த இடத்தில் இருக்கிறார், அவரை அனுப்பியது யார், தயவுசெய்து தெரிவியுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

இஸ்-வாஸ் சார் பழைய மனுவின் நகலை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். அவர் முகம் வயிற்றுவலிக்காரர் முகம் மாதிரி ஆயிற்று.

"தாழ்மை இருக்கு. பணிவு இருக்கு. 'துன்பமான நிலையில் இருக்கிறான்'னு இருக்கு. தம்பி எங்கய்யா இருக்கான் இதுல?" என்றவர், டெலெக்ஸ் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். "சொல்லு. ஜமாலு எப்படிப் போனான்?"

"அனுப்பிவிட்டாக சார்."

"யாரு அனுப்புனா?"

"விசா வந்துச்சு சார். போனான்."

"விசாவுக்குக் காலா இருக்கு, தானா நடந்து வர? யாரு குடுத்தா?"

காதர் ஐஸ் பிளாண்ட் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். "அது எதுக்கு சார்? சும்மா 'அனுப்பப்பட்டான்'னு எழுதுங்களேன்."

"எழுத மாட்டேன்" என்றார் இஸ்-வாஸ் சார். காதர் திரும்பிப் போய்விட்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஆளு அங்கன தண்ணியில்லாம கெடக்கான். இங்க ஒக்காந்து இலக்கணமா நடத்துறீக? ஒரு 'வாஸ்' போட்டு எழுதிவிட்டா ஒங்க ஆஸ்தியா போகுது?" என்று கத்தினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எப்போதும் இருக்கிற வம்புச் சிரிப்பு இல்லை. "எம்பசிக்காரன் ஏஜெண்டைத் தேடுனாத்தான் அந்த மொதலாளியப் பிடிக்க முடியும். பேரில்லாத ஆளை அவன் எங்கன போய்த் தேடுவான்? நான் வெர்ப்புக்காகக் கேக்கலப்பா. இவன் யாரையோ மறைக்கிறான். மறைக்கிற ஆளுக்கும் இவனுக்கும் நடுவுலதான் அந்தத் தம்பி மாட்டிக்கிட்டுக் கெடக்கான்."

அது உண்மைதான் என்று மறுநாள் தெரிந்தது. காலையில் காதர் வந்தான். கூடவே அவன் மனைவி ரஹ்மத், வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, இடுப்பில் பிள்ளையோடு. கம்பெனிக்குள் அவள் வந்து நாங்கள் பார்த்ததில்லை. மேனேஜர் தன் நாற்காலியை எடுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"இவுக சொல்ல மாட்டாக, என் முகத்துக்காக. நான் சொல்றேன், எழுதுங்க" என்றாள். "எங்க வாப்பாதான் அனுப்புனாக. சேகு முகமது. பாம்பன்ல இருக்காக. விசா வாங்கிக் குடுத்ததும் அவுக, கப்பல் கம்பெனி மாதிரி பெரிய கம்பெனின்னு சொன்னதும் அவுக."

காதர் தரையைப் பார்த்தபடி நின்றான். மாமனார் பேரை எம்பசிக்கு எழுதிவிட்டால் ஊரில் அவர் நடமாட முடியாது, மனைவிக்குத் தாய்வீடு இல்லாமல் போகும். இத்தனை நாளும் அவன் தொண்டையில் நின்றது அதுதான்.

"யோசிச்சுக்கிட்டீங்களாம்மா?" என்றார் இஸ்-வாஸ் சார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"ராத்திரியெல்லாம் யோசிச்சாச்சு. வாப்பாகிட்ட நான் எப்படியும் திரும்பப் பேசிக்கிடுவேன். ஜமாலு போயிட்டா யாருகிட்டப் போய்ப் பேச?"

மெஷின் தட்ட ஆரம்பித்தது. சேகு முகமது விசா கொடுத்தார். முதலாளி பாஸ்போர்ட்டைப் பூட்டினான், கரண்டை நிறுத்தினான், ஓடினான். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஜமால் காத்திருக்கிறான். தேடுங்கள். சோறு போடுங்கள். அனுப்புங்கள். எல்லாம் குட்டிக் குட்டி ஆங்கில வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் அடிப்பதற்கு முன்னால் தமிழில் சொல்லி, ரஹ்மத் தலையை ஆட்டிய பிறகுதான் அடித்தார்.

கடைசியில் வீட்டில் எல்லாரும் கவலையாக இருக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் மேனேஜர். இஸ்-வாஸ் சார் உதட்டைப் பிதுக்கினார். "கவலையா இருக்காகன்னா? என்ன செய்றாக?"

ரஹ்மத் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "மாமி சோத்துல கை வச்சிட்டு எந்திரிச்சிர்றாக. தெனமும் இதேதான்."

அவர் அதை அப்படியே தட்டினார். ஜமாலின் தாய் உட்காருகிறாள், சோற்றைத் தொடுகிறாள், எழுந்துவிடுகிறாள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

வாப்பாவிடம் தானே சொல்லிவிடுவதாக ரஹ்மத் சொல்லியிருந்தாள். சொல்லியும்விட்டாள். அதனால் இரண்டு நாளில் சேகு மாமா வந்தார். பெரிய உருவம், கையில் குடை, வாய் நிறைய வெற்றிலை. பாம்பனிலிருந்து பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் கோபத்தை மென்றுகொண்டே வந்திருக்க வேண்டும். கேட்டுக்குள் நுழைந்ததும் "எவன்லே என் பேரை இங்கிலீசுல எழுதுனது?" என்று கேட்பதற்காக வாயைக் காலி செய்தார். காலி செய்த இடம் பாக்கிங் கட்டடத்துச் சுவர்.

முனியசாமி முன்னால் வந்தார். கடமையைச் செய்தார்.

அந்தச் சண்டையை முழுக்க இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் என்னைச் சும்மா விடமாட்டார். எறால் கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து வரிசையாக நின்றார்கள். சேகு மாமா குடையை ஓங்கினார். முனியசாமி போர்டைக் காட்டினார். மாமா போர்டை வாசித்தார். முழுசாக வாசித்துவிட்டு, "ஆமா, எழுதித்தான் போட்டிருக்கீக" என்று குடையை இறக்கினார். இஸ்-வாஸ் சார் மேசைக்கு வந்து சேரும்போது அவரிடம் கோபம் பாதிகூட மிச்சமில்லை. மூச்சுத்தான் வாங்கியது.

இஸ்-வாஸ் சார் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். டெலெக்ஸ் நகலை எடுத்து வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினார். சோற்றில் கை வைக்கிற வரி வந்ததும் சேகு மாமா தலையைத் தூக்கினார்.

"சம்பந்தியம்மா சாப்புடுறதில்லையா? எனக்கு யாரும் சொல்லலியே!"

"இப்ப தெரிஞ்சிருச்சுல்ல?"

"நான் மோசக்காரன் இல்லீங்க. அல்லாஹ் அறிய, என் மக கொழுந்தன், நல்லா வரட்டும்னுதான் அனுப்புனேன். என்னையவே ஒருத்தன் ஏமாத்திப்புட்டான், பம்பாயில."

"ஏமாத்துனான்!" இஸ்-வாஸ் சார் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "அருமையான வெர்ப்! அந்த ஆளு பேரு என்ன? எங்கன இருக்கான்?"

சேகு மாமா மளமளவென்று கொட்டினார். பம்பாய் ஏஜெண்டின் பெயர், அவனுடைய ஆபீஸ் இருந்த தெரு, அந்த ஊர் முதலாளியின் முழுப்பெயர், அவனுடைய அண்ணன் நடத்துகிற கடை வரைக்கும். அத்தனை நாளும் வெட்கத்தில் வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தது. இரண்டாவது டெலெக்ஸ் அங்கேயே தயாரானது. அதன் கடைசி வரியை அடித்துவிட்டு இஸ்-வாஸ் சார் உரக்க வாசித்தார்: "சேகு முகமது உதவுகிறார்."

"இன்னொரு தரம் வாசிங்க" என்றார் சேகு மாமா.

வாசித்தார்.

"இங்கிலீசுலயும் அப்படியே இருக்கா?"

"ஹெல்ப்ஸ்னு போட்டிருக்கேன். இதைவிடத் தெளிவா போட முடியாது."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. போகும்போது முனியசாமியிடம் நின்று, சுவரைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். முனியசாமி, "விடுங்க பாய், நான் பாத்துக்கிடுறேன்" என்று வாளியைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு காத்திருந்த நாட்கள் எறாலுக்கு மட்டுமே நல்லபடியாகப் போயின. மெஷின் தடதடத்தால் காதர் ஐஸ் பிளாண்டிலிருந்து ஓடிவருவான். ஜப்பான்காரராக இருக்கும். திரும்பிப் போவான். இஸ்-வாஸ் சார் பென்சிலைக் கையில் எடுப்பதையே விட்டுவிட்டார். ஒருநாள் நானே வேண்டுமென்று ஒரு வாக்கியத்தில் மூன்று 'இஸ்' போட்டு அவர் மேசையில் வைத்தேன். அதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

பிறகு ஒரு மத்தியானம், சோற்றுக் கேரியரைத் திறந்த நேரம், மெஷின் தட்டியது. இஸ்-வாஸ் சார் காகிதத்தைக் கிழித்தார். வாசிக்கவில்லை. என் கையில் கொடுத்தார். நான்தான் வாசித்தேன். ஜமாலும் மற்றவர்களும் கண்டுபிடிக்கப்பட்டார்கள். முதலாளியின் அண்ணன் கடையிலிருந்து பாஸ்போர்ட்டுகள் மீட்கப்பட்டன. எல்லாரும் நலம். வெள்ளிக்கிழமை விமானம்.

காதர் என் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மேனேஜர் கேரியரோடு எழுந்து நின்றார். ஐஸ் பிளாண்டிலிருந்து எறால் பெண்கள் வரைக்கும் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு குரல் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"கண்டுபிடிக்கப்பட்டார்கள்னு போட்டிருக்கானே... யாரு கண்டுபிடிச்சா?"

"சார், வாயை மூடுங்க!" என்று கம்பெனி மொத்தமும் கத்தியது. மேனேஜர் குரல்தான் அதில் பெரிசு. இஸ்-வாஸ் சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொத்திய கைக்கு மேலே கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

ஜமால் மெட்ராஸ் ரயிலில் வந்து இறங்கிய காலையில் ராமநாதபுரம் ஸ்டேஷனில் எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் இருந்தார்கள். ஆள் இளைத்துக் கறுத்திருந்தாலும் நடந்துதான் வந்தான். முதலில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தவர் சேகு மாமா. அவர் விடுகிற வழியாக இல்லை. ரஹ்மத் தன் வாப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, "அவுக உம்மாவைப் பாக்கட்டும் வாப்பா" என்றாள். அந்த அம்மா மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வா, சோறு ஆக்கி வச்சிருக்கு, சாப்புடுவோம்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் காதர் பழையபடி பாட்டு முணுமுணுக்கிறான் என்பதைக் கவனித்தேன்.

இஸ்-வாஸ் சார் மட்டும் எங்களோடு நிற்கவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே இளநீர் வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஏதோ காய்கறி வாங்க வந்ததாகச் சொன்னார். காதர் தம்பியைக் கூட்டிக்கொண்டு நேராக அவரிடம் போனான். ஜமாலுக்கு அவர் யாரென்றே தெரியாது. அண்ணன் காதில் ஏதோ சொன்னதும் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றான். வருஷம் பூராவும் எங்கள் வாயைக் கிளறிக்கொண்டிருந்த மனிதர் அன்றைக்கு இளநீர் வண்டிக்காரரிடம் திரும்பி, "தம்பிக்கு ஒண்ணு வெட்டுய்யா" என்று மட்டும் சொன்னார்.

எல்லாரும் தேவிபட்டினம் பஸ் ஏறிப் போனபின் அவர் சைக்கிளில் ஏறப் பார்த்தார். ஏற முடியவில்லை. இரண்டு தடவை பெடலைத் தவறவிட்டார். "வெயிலு" என்றார். வெயிலே இன்னும் ஏறவில்லை. நான் சைக்கிளை வாங்கித் தள்ளிக்கொண்டு அவர் கூடவே நடந்தேன். அவர் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தியபிறகும் எனக்குக் கிளம்ப மனசு வரவில்லை.

"நாளைக்கு வந்துருவீகள்ல சார்?" என்று கேட்டேன்.

"யாரு வருவா? மொதல்ல அதைச் சொல்லுய்யா" என்றபடி காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார்.